சக்கரம் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழம்

நான் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவதோடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கராஜில் எந்த வண்டிக்கு என்ன வேலை என்று குறிக்கிற ஜாப் கார்டு மட்டும்தான். நாலு பேர் நடுவில் வாய் திறந்தால் என் குரல் எனக்கே கேட்காது. அப்படிப்பட்டவன் இத்தனை பக்கம் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அன்றைக்குச் சந்தாபுரா ஷெட்டில் என்னோடு இருந்த படித்தவர்கள் இதை எழுதப்போவதில்லை. அவர்களுக்கு இந்நேரம் மறந்திருக்கும். மறக்கிற வசதியும் படிப்போடு சேர்ந்து வருகிறது போலிருக்கிறது.

பிரேசர் டவுனில் ஒரு டூ வீலர் கராஜில் முப்பது வருஷமாக வேலை செய்கிறேன். ஒரு பக்கம் ரிப்பேர், இன்னொரு பக்கம் பழைய வண்டி வாங்கி விற்பது. பெரிய ஓனர் போன பிறகு அவர் மகன் ஓனரானார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவர் என்னை மேஸ்திரி என்பார், நான் அவரை சார் என்பேன். இன்ஜினைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது சத்தம் போடும் என்பது ஒன்றுதான்.

எங்கள் கராஜில் ஒரு வழக்கம் உண்டு. பழைய வண்டி வாங்க வருகிறவர் எத்தனை ரவுண்டு வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். வேண்டும் என்று முடிவு செய்த பிறகு, முன் சக்கரத்துக்குக் கீழே ஒன்றும் பின் சக்கரத்துக்குக் கீழே ஒன்றுமாக நான் எலுமிச்சம்பழம் வைப்பேன். வாங்கினவர் ஏறி, பழத்தை நசுக்கிக்கொண்டு வெளியே போவார். நசுங்கிய நிமிஷத்திலிருந்து வண்டி அவருடையது. தெருமுனையில் செயின் அறுந்தாலும் ஓனர் திருப்பி எடுக்க மாட்டார்.

“பழம் நசுங்கிடுச்சு இல்ல? சாமிக்குக் குடுத்தாச்சு. அதுக்கப்புறம் நடுவுல நான் யாரு?” என்பார்.

கைக்குழந்தையோடு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்த ஒரு நர்ஸம்மாவிடமும் அவர் இதையேதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

போன வருஷம் ஓனரும் அவருடைய நண்பர் ஒருவரும் சேர்ந்து இமாசலத்தில் பனி விழுகிற ஒரு மலைமேல் சின்ன ரிசார்ட் ஒன்றை லீசுக்கு எடுத்தார்கள். நண்பர் சாஃப்ட்வேரில் பெரிய உத்தியோகத்தில் இருந்து விலகியவர். மலை தன்னைக் கூப்பிடுகிறது என்று யாரைப் பார்த்தாலும் சொல்வார். கூப்பிட்ட மலைக்கு அவர் இரண்டு முறை போய்வந்தார், இரண்டும் மே மாதம். பனிக்காலத்தில் வருகிற விருந்தாளிகளைச் சரிவுகளில் ஏற்றிக்கொண்டு சுற்ற ஒரு ஸ்னோ ஸ்கூட்டர் வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். முன்னால் சறுக்குவதற்கு இரண்டு கட்டை, பின்னால் டாங்கிக்கு இருப்பது போல் ஒரு நீள ரப்பர் பட்டை, நடுவில் இன்ஜின். சக்கரம் கிடையாது. அவ்வளவுதான் அந்த வண்டி.

அவர்கள் எதை வாங்கினால் எனக்கு என்ன என்று இருந்திருப்பேன். ஆனால் அதை ஓட்டப்போகிறவன் என் தம்பி.

தங்கவயல் சுரங்கத்தில் ஆள் குறைத்தபோது அப்பாவோடு இந்த ஊருக்கு வந்தவர்கள் நாங்கள். தம்பி கம்பெனி பஸ் ஓட்டினான். அந்தக் கம்பெனி வேறு ஏஜென்சிக்கு மாறியதும் வேலை போனது. ஒன்பது மாதம் அல்சூரில் எங்கள் ஒண்டுக்குடித்தன வீட்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். ஓனர் ஒருநாள் என்னிடம், உங்க தம்பியை மலைக்கு அனுப்பட்டுமா, நாலு மாசம் சாப்பாடு, தங்க இடம், சம்பளம் எல்லாம் உண்டு என்றார். நான் தலையாட்டினேன். தம்பி அன்று மாலையே கமர்ஷியல் தெருவில் எக்ஸ்போர்ட் மிச்சம் விற்கிற கடையில் ஒரு தடித்த ஜாக்கெட் வாங்கிவிட்டான். நாற்பத்துமூன்று வயது. ஃப்ரிட்ஜின் மேல்தட்டைத் தவிர வேறெங்கும் அவன் பனி பார்த்ததில்லை.

“கியரே கிடையாதாம்ணா. பஸ்ஸு ஓட்னவனுக்கு இது இன்னாண்ணா,” என்றான்.

ரிசார்ட்டிலிருந்து சரிவுக்குப் போகிற வழியில் போன் சிக்னல் கிடையாது என்று நண்பரே பெருமையாகச் சொல்லியிருந்தார். இயற்கையோடு தனியாக இருக்கலாமாம். அங்கே சாயங்காலம் இன்ஜின் நின்றுவிட்டால், பின்னால் இரண்டு விருந்தாளிகளோடு என் தம்பி இடுப்பளவு பனியில் நடந்து திரும்ப வேண்டும். இருட்டுவதற்குள் திரும்பினால் உண்டு. இதை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வண்டிகள் இரண்டு பார்வையில் இருந்தன. ஒன்று டில்லியில் ஒரு டீலரிடம் இருந்தது. இரண்டு பனிக்காலம் மட்டுமே ஓடியது. பெட்ரோலை இன்ஜெக்ஷனே அளந்து விடும், எந்த உயரத்துக்கு ஏறினாலும் காற்றுக்குத் தகுந்தபடி தானே சரிசெய்துகொள்ளும். மற்றதைவிட ஓர் ஆள் எடை குறைவு. புதைந்தால் ஒருவனே இழுத்து நிமிர்த்தலாம். மற்றது பதினைந்து வருஷத்துக்கு முந்தையது. கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக். வெளிநாட்டிலிருந்து திரும்பிய யாரோ வீட்டுச் சாமான்களோடு கொண்டுவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் விற்றது. கைமாறிக் கைமாறி, சந்தாபுராவில் பழைய ஜெனரேட்டர் விற்கிறவர் ஷெட்டில் நின்றது.

நண்பர் லேப்டாப்பில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு ஒரு வாரம் கட்டம் கட்டமாகக் கலர் அடித்துக்கொண்டிருந்தார். கடைசியில், புதுசு ரொம்ப சொகுசு, பழசில்தான் உயிர் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். டூ ஸ்ட்ரோக் சத்தத்தைக் கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அந்தப் புகையில் முப்பது வருஷம் இருமினவனை யாரும் கேட்பதில்லை. ஓனருக்குப் பழசு மலிவு, அது போதும். டூ ஸ்ட்ரோக்குக்கு மேஸ்திரி இருக்கும்போது புதுசு எதற்கு, அங்கே ஏதாவது ஆனால் தம்பிக்குப் போனிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார் என்றார். சிக்னல் கிடையாது என்று சொன்னவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையாட்டினார்.

புதுசுதான் சரி என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல இரண்டு நாள் மனதுக்குள் வாக்கியம் தயார் செய்தேன். சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தாபுராவுக்குப் போனோம். தகரக் கூரைக்குக் கீழே அடுப்பு மாதிரி காய்ந்தது. தம்பி ஜாக்கெட்டோடு வந்திருந்தான், வீடியோவில் நன்றாக இருக்கும் என்று நண்பர் சொல்லியிருந்தாராம். ஷெட்காரர் வெற்றிலை போட்ட வாயோடு வரவேற்றார். நான் ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை இழுத்துப் பார்த்தேன், அழுத்தம் பார்க்கிற கேஜை மாட்டிப் பார்த்தேன். இரண்டு சிலிண்டரில் ஒன்று தளர்ந்திருந்தது. ரப்பர் பட்டை காய்ந்து விறைத்திருந்தது.

ஹேண்டிலுக்குக் கீழே ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். படித்தவர்கள் அதைப் பார்த்தார்கள். இங்கிலீஷ் படிக்கத் தடுமாறுகிற நான் எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தேன். பனி இல்லாத இடத்தில் இன்ஜினை ஓடவிடாதே என்று இருந்தது. குனிந்து பார்த்ததும் காரணம் புரிந்தது. இந்த வண்டிக்கு முன்னால் ரேடியேட்டர் கிடையாது. சீட்டுக்கு அடியில், பட்டைக்கு மேலே, தகடு மாதிரி ஒட்டியிருக்கிறது. பட்டை சுழன்று வாரியடிக்கிற பனிதான் அதைக் குளிரவைக்கும். பனி இல்லையென்றால் சில நிமிஷத்தில் வெந்துவிடும்.

ஓனர் பக்கத்தில் போய் நின்றேன்.

“சார், ஒரு சிலிண்டர் வீக்கா இருக்கு.”

“வயசானா எல்லாருக்கும் அப்டித்தான் மேஸ்திரி. உங்களுக்கு இல்லையா?”

ஷெட்காரர் சிரித்தார். தம்பியும் சிரித்தான். ஸ்டிக்கரைக் காட்டி, பனி இல்லாமல் ஓட்டக் கூடாதாம் என்றேன். நண்பர் என் தோளைத் தட்டி, அதெல்லாம் கம்பெனி வக்கீல் எழுதுவது, காபி கப்பில்கூட சூடாக இருக்கும் என்று எழுதுவான் என்று விளக்கினார். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. பனி வேண்டுமென்றால் கொண்டுவருவோம் என்றார். தம்பி ஓடிப்போய் மீன் கடையிலிருந்து இரண்டு ஐஸ் பாரைச் சாக்கில் சுமந்து வந்தான். நண்பர் அதை உடைத்து வண்டிக்கு முன்னால் சிமெண்ட் தரையில் அழகாகப் பரப்பினார். வீடியோவில் மலை மாதிரி தெரியுமாம். மீன் நாற்றம் வீடியோவில் தெரியாது.

அந்த ஐஸைச் சீட்டுக்கு அடியில் அந்தத் தகட்டின் மேல் திணித்தால் கொஞ்ச நேரம் தாங்கும். அதைச் சொல்ல வாய் எடுத்தேன். அப்போதுதான் எனக்கு வேறொன்று தோன்றியது. இது இங்கே வெந்தால் டீக்கடைக்கு எதிரே, சிமெண்ட் தரையில் வெந்துபோகும். இவர்களுக்கு டில்லி வண்டியை விட்டால் வேறு வழி இருக்காது. இங்கே வேகாவிட்டால் அந்தத் தளர்ந்த சிலிண்டர் அங்கே, என் தம்பியின் தொடைக்கு நடுவில் வேகும். நான் வாயை மூடிக்கொண்டேன். வாழ்நாள் முழுக்கப் பயத்தில் பேசாமல் இருந்தவன், அன்றைக்கு முதல்முறையாகத் தெரிந்தே பேசாமல் இருந்தேன். பெரிய புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஓனர் ஏறி உட்கார்ந்தார். ஷெட்காரர் சட்டைப் பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்தார்.

“ரொம்ப வருஷமா நின்ன வண்டி சார். பழம் வெக்காம கிளப்பக் கூடாது.”

“கரெக்ட். மேஸ்திரி, வைங்க.”

“எங்க சார் வெக்கிறது? சக்கரமே இல்லியே,” என்றான் தம்பி.

இதைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார்கள். சறுக்குக்கட்டை சக்கரத்துக்குச் சமமா, பட்டைக்கு ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்று. எதை வாங்குவது என்ற கேள்விக்கு அவர்கள் இவ்வளவு கவனம் கொடுத்ததில்லை. கடைசியில் கட்டைக்கு ஒவ்வொன்று, பட்டைக்கு இரண்டு என்று முடிவானது. நான்தான் முழங்காலிட்டு நாலையும் வைத்தேன். கை பழக்கத்தில் வைத்தது. மூளை இன்ஜினிலேயே இருந்தது.

வண்டி கிளம்பி இரண்டடி நகர்ந்தது. நாலு பழமும் நசுங்கின. ஓனர் ஐஸ் துண்டுகளுக்கு நடுவில் நிறுத்தி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை அழுத்த ஆரம்பித்தார். நண்பர் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்தார். ஷெட் முழுக்கப் புகை. சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்து நண்பர், லைட்டெல்லாம் வேலை செய்கிறது என்றார். இன்ஜினைக் குளிரவைக்கிற கூலன்ட் வேகிற இனிப்பு வாடை முதலில் வந்தது. பிறகு சத்தம் கம்மியது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். அதோடு முடிந்தது.

ஓனர் இறங்கிக் கயிற்றை இழுத்தார். அது அசையவில்லை. என்ன மேஸ்திரி என்றார். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிட்டது என்றேன். அது ஒன்று மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் இந்த வண்டி வேண்டாம், டில்லியையே பார்த்துக்கொள்கிறோம் என்று ஷெட்காரரிடம் சாதாரணமாகச் சொன்னார். நான் எதிர்பார்த்தது அதுதான். ஷெட்காரர் குனிந்து சறுக்குக்கட்டைக்கு அடியிலிருந்து சப்பையான ஒரு பழத்தை உரித்தெடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“இது இன்னா சார்?”

ஓனர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“பழம் நசுக்கிட்டீங்க. உங்க ஆளுதான் வெச்சாரு. இதுக்கப்புறம் நடுவுல நான் யாரு?”

அந்த வாக்கியம் எங்கள் கராஜிலிருந்து சந்தாபுரா வரைக்கும் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஓனருக்கும் தெரியாது. அவர் முகம் நர்ஸம்மாவின் முகம் போலத்தான் ஆனது, குழந்தை மட்டும்தான் இல்லை. நண்பர் ஆங்கிலத்தில் சட்டம் பேசிப் பார்த்தார். ஷெட்காரருக்கு ஆங்கிலம் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஓனர் நினைத்திருந்தால் போடா என்று கிளம்பியிருக்கலாம். ஆனால் பழம் நசுங்கிய வண்டியை விட்டுவிட்டுப் போனால் தொழிலுக்கு ஆகாது என்று உள்ளூர நம்புகிறவர். இத்தனை வருஷம் மற்றவர்களை மிரட்டிய சாமி அவரையும் மிரட்டியது. அட்வான்ஸ் கொடுத்து, டெம்போ பேசிவிட்டுக் காரில் ஏறினார்.

என் புத்திசாலித்தனத்தின் கதி அவ்வளவுதான். வாய் மூடிக்கொண்டு ஒரு வண்டியைக் கொன்றேன். என் கையாலேயே பழம் வைத்து அதே வண்டியைத் தம்பி தலையில் கட்டினேன். அந்த இருவரைப் பற்றி நான் என்னவெல்லாம் நினைத்தேனோ, அத்தனையும் எனக்கும் பொருந்தும். அவர்களுக்காவது தெரியாமல் நடந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது தம்பி ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். சில்க் போர்டில் பஸ் நின்றபோது என் பக்கம் திரும்பினான்.

“நீ ரெடி பண்ணிடுவ இல்லண்ணா?” என்றான்.

பண்ணிடுவேன் என்றேன்.

மறுநாள் பத்து மணிக்கு டெம்போ வந்தது. நாலு பேர் பிடித்து வண்டியை இறக்கினோம். ஓனர் வெளியே வரவில்லை. பதினொன்றரைக்கு இன்ஜின் ஹெட்டைக் கழற்றினேன். தளர்ந்திருந்த சிலிண்டரில்தான் பிஸ்டன் பிடித்திருந்தது. ஜாப் கார்டில் வாடிக்கையாளர் பெயர் எழுதும் இடத்தில் தம்பி பெயரை எழுதினேன்.