வேலி வரைக்கும்

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தெமியாங்கில் அக்காவோடு இருந்த அம்மா, மாதம் ஒருமுறை கொமுட்டர் ரயிலில் எங்கள் வீட்டுக்கு வருவார். ரயில் இரண்டாம் பிளாட்பாரத்தில் நிற்கும். மேம்பாலம் ஏறி இறங்கினால் கார் நிறுத்துமிடம். அதற்கு அம்மா அரைமணி நேரம் எடுப்பார். நான் காரில் உட்கார்ந்தபடி விடாமல் ஹாரன் அடிப்பேன்.

ஒருநாள் பொறுமை இழந்து உள்ளே போனேன். பிளாட்பாரத்தின் கடைசியில் கம்பி வேலியைப் பிடித்தபடி அம்மா நின்றிருந்தார்.

“இங்க என்னம்மா பண்றீங்க? எவ்ளோ நேரம்லா காத்திருக்கிறது?”

“உன் தம்பியப் பாத்துட்டு வரேன்யா. இந்த வேலி வரைக்குந்தான வர முடியுது.”

வேலிக்கு அப்பால் செம்பனை மரங்களுக்கு நடுவே, நாங்கள் முன்பு குடியிருந்த தோட்டத்தின் இடுகாடு. ஆறு வயதில் காய்ச்சலில் போன தம்பியை அங்கேதான் புதைத்தோம். அப்போது இங்கே ஒரே ஒரு பலகைப் பிளாட்பாரம். தண்டவாளத்தைத் தாண்டித்தான் அவனைத் தூக்கிப்போனோம். இரட்டைப் பாதை போட்டபோது வேலி வந்தது. தோட்டம் கைமாறியதும் மற்ற வழியும் அடைபட்டது. எனக்கு அவன் நினைவே வந்ததில்லை.

“நீ ஹாரன் அடிக்கிறப்பலாம் அவன்கிட்ட சொல்லுவேன், அண்ணன் வந்திருக்கான்னு.”

இப்போது அம்மாவும் இல்லை. மாதம் ஒருமுறை அந்த வேலியருகே போய் நிற்கிறேன். வந்திருக்கிறேன் என்று சொல்லத்தான் வாய் வருவதில்லை.