முன்னறையில் ஒரு சினிமா ஓர்கன்

கலியாணமாகி வந்த வீட்டில் நான் ஆசைப்பட்டது ஒரு முன்னறைக்குத்தான். வருகிறவர்களைக் கதிரையில் இருத்தி ஒரு தேத்தண்ணி கொடுக்க வேண்டும், அவ்வளவே. அந்த அறையில்தான் இவர், என் மனுசன், ஓர்கன் என்கிற வாத்தியத்தைக் கட்டத் தொடங்கினார்.

இவருக்குத் துறைமுகத்தில் ரேடியோ திருத்துகிற வேலை. வெள்ளைக்காரர் விட்டுப்போன இசைத்தட்டு ஒன்றில், அவர்கள் ஊர்த் தியேட்டர்களில் வாசிக்கிற பெரிய ஓர்கனைக் கேட்டுவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி. அங்கே அது குழல் குழலாகக் காற்றை ஊதிப் பாடுமாம். இங்கே குழலுக்குப் பதில் பழைய ரேடியோ வால்வுகள், உடைந்த ஹார்மோனியத்தின் கட்டைகள், என் சீதன அலுமாரியின் கதவுகள். ஓம், கதவுகள்!

"கதவில்லாட்டிச் சீலைக்குக் காத்துப் படுமெல்லே," என்றார். நான் சீலைகளை அள்ளிக் கட்டிலில் எறிந்தேன்.

ஆனால் முதல்முதல் அது குரல் நடுங்கப் பாடியபோது, குசினியில் நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவரிடம் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சொன்னால் மிச்ச அலுமாரியும் போய்விடும்.

ஊமைப் படங்களுக்காக அந்த ஓர்கன்களில் இடி, குதிரைக் குளம்பு, கப்பல் சங்கு எல்லாம் வைத்திருந்தார்களாம். இவரும் கப்பல் சங்குக்கு ஒரு பொத்தான் வைத்து, ஒரு மத்தியானம் அமத்திப் பார்த்தார். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு கப்பலில் மூட்டை இறக்குகிறவர்கள். கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக்கு முந்திப் போனவருக்குத்தான் அன்றைய வேலை. சோற்றுக் கையோடு விழுந்தடித்து ஓடினார்கள். திரும்பி வந்து எங்கள் படலை வாசலில் நின்றார்கள்.

"கப்பல் எங்க ஐயா, உங்கட முன் ஹோலுக்குள்ளயோ நிக்குது?"

இந்தக் கதை ஊர் சுற்றித் தியேட்டர் முதலாளியின் காதுக்கும் போனது. ஓர்கனைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். இவருக்குக் கால் நிலத்தில் படவில்லை.

"அவருக்குப் பிடிச்சுதெண்டா சாமானைத் தியேட்டருக்குக் கொண்டுபோயிடலாம். இடைவேளையில நான் வாசிப்பன். உமக்கும் ஹோல் கிடைக்கும்."

நான் அம்மனுக்குத் தேங்காய் நேர்ந்தேன்.

முதலாளி வந்தார். இவர் உருகி உருகி வாசித்தார். முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பாட்டுக் கிடக்கட்டும். அந்தக் கப்பல் சங்கை ஒருக்கா ஊதுங்கோ பாப்பம்."

ஊதினார். முதலாளி துள்ளி எழும்பினார். "இது காணும்! இடைவேளை முடிஞ்சாலும் சனம் தேத்தண்ணிக் கடையை விட்டு அசையுதில்லை. மணி அடிச்சுக் களைச்சுப் போனன். நாளைக்கே லொறி அனுப்புறன். கட்டையளைக் கழட்டி எறியுங்கோ, சங்கு மட்டும் போதும்."

இவருடைய முகம் செத்துவிட்டது. என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு, "சரி முதலாளி, எடுங்கோ," என்றார். எனக்கு முன்னறை கிடைக்கட்டும் என்றுதான் சொன்னார். எனக்கு அது விளங்கியது.

எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ!

"ஏலாது," என்றேன். "சங்கு வேணுமெண்டா ஜெட்டியில போய்க் கேளுங்கோ. இது பாட்டு வாசிக்கிற சாமான்."

முதலாளி தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். இவர் என் பக்கம் திரும்பினார்.

"உமக்கு இது பிடிக்குமெண்டு எனக்குத் தெரியாதே," என்றார்.

"கனக்கக் கதையாதேங்கோ," என்று சொல்லி, முதலாளி எழும்பிய கதிரையில் உட்கார்ந்தேன். "வாசியுங்கோ. கேக்கத்தானே இருக்கிறன்."