விசுவநாதன் பாங்கைக் கவிழ்க்கவில்லை

போன செவ்வாய்க்கிழமை காலை சயான் ஸ்டேஷனில் சுடலைமுத்து என்னைத் தேடி வந்தார். தாராவித் தோல் கிடங்கில் மேஸ்திரி அவர். "நம்ம விசுவநாதய்யரு போயிட்டாருல்லா. நெஞ்சுவலி. இன்னும் எடுக்கல, வாரும்" என்றார்.

விசுவநாதனை 'பாங்கைக் கவிழ்த்தவர்' என்று மாட்டுங்காவில் இன்றும் சொல்கிறார்கள். அது பொய். அவருக்குப் பக்கத்து கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் நான்.

யுத்தம் முடிந்த பிறகு கல்கத்தாவில் ஒரு பாங்க் மூடியது. அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு, எங்கள் சின்ன பாங்க் ஊரார் பணத்தில் பெரும்பகுதியை அங்கேதான் போட்டிருந்தது. எங்கள் கிளைக்குப் பெரியவரான ஏஜெண்ட் எல்லாரையும் கூப்பிட்டு, "யார் கேட்டாலும் ஒண்ணுமில்லேன்னு சொல்லுங்கோ" என்றார்.

விசுவநாதன் எழுந்தார். "நேத்து டைரக்டர்கள் வந்து அவா பணத்தை எடுத்துண்டு போனாளே, அவாகிட்ட என்ன சொன்னேள்?"

ஏஜெண்ட் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று மதியம் சுடலைமுத்து விசுவநாதனின் கவுண்டருக்கு வந்தார். மகள் கல்யாணத்துக்காகச் சேர்த்த பணம் எங்களிடம் இருந்தது. "சாமி, எங்க துட்டு பத்திரமாத்தான இருக்கு?"

"இல்லே. இப்பவே எடுத்துக்கோங்கோ. உங்க ஆட்களுக்கும் சொல்லுங்கோ."

ஒரு மணி நேரத்தில் வரிசை தெருவை எட்டியது. மாலையில் விசுவநாதனை வேலையிலிருந்து நீக்கினார்கள். மறுநாள் பாங்க் மூடியது.

அதன்பின் எந்த பாங்கும் அவரைச் சேர்க்கவில்லை. சுடலைமுத்துவின் கிடங்கில் கணக்கெழுதிப் பிழைத்தார். ஏஜெண்டுக்கோ வேறொரு பாங்கில் இன்னும் பெரிய நாற்காலி!

'நீர் பேசாமல் இருந்திருந்தால் பாங்க் பிழைத்திருக்குமோ?' என்று விசுவநாதனிடம் ஒருமுறை கேட்டுவிட்டேன். அவருக்கு வந்த கோபம்! "கல்கத்தாவிலே போன பணம் என் வாயை மூடினா திரும்பி வருமா? நாம அங்கே போட்டோம். பூனாவிலே ஒரு பாங்க் நம்மகிட்ட போட்டுது. மறுவாரம் அதுவும் போச்சு. ஒருத்தன் பணம் இன்னொருத்தன்கிட்ட, அவன் பணம் வேறொருத்தன்கிட்ட. பணம் போட்டவனுக்கு இதை யார் சொன்னா?" பிறகு குரல் தணிந்தது. "வரிசையிலே கடைசியா நின்னு வெறுங்கையோட போனவாளுக்குத்தான் என்கிட்ட பதில் இல்லே."

சுடுகாட்டுக்கு ஏஜெண்டும் வந்திருந்தார். "நல்ல மனுஷர். வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம்" என்றார்.

சுடலைமுத்து திரும்பினார். "அவரு அடக்கியிருந்தா எம் மவளுக்குக் கல்யாணம் ஏது? நீரு எத்தன பேருக்கு உள்ளதச் சொன்னீரு?"

அந்தக் கேள்வி எனக்கும்தான். அன்று சுடலைமுத்து நகர்ந்த சற்று நேரத்தில், சயானில் இட்லி விற்கும் ஓர் அம்மாள் என் கவுண்டருக்கு வந்து, தன் பணம் பத்திரமா என்று கேட்டாள். "ஒண்ணுமில்லேம்மா, தைரியமா போங்கோ" என்றேன். நம்பிப் போனாள். எல்லாம் போயிற்று.

எனக்கும் விசுவநாதனுக்கும் நடுவே ஒரு மரப்பலகைதான் இருந்தது. அவர் சுடலைமுத்துவுக்குச் சொன்ன பதில் என் காதிலும் விழுந்தது. அதைக் கேட்ட பிறகும்தான் அந்த அம்மாளிடம் பொய் சொன்னேன். அவர் எனக்கு விட்டுப்போனது அந்தப் பதில்தான்.