மாமா தவிசாளரான பின்னேரம்

மாரி தொடங்கிவிட்டால் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையில் இருக்கும் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவோம். வெள்ளம் ஓட வழியில்லை. வாய்க்காலின் வாயை மறித்து ஒரு மதில் நின்றது. அது என் மாமாவின் மதில். அம்மாவின் தம்பியான அவர் அப்போது பிரதேச சபை உறுப்பினர். அதனால் ஊரவர்கள் அவரிடம் வெள்ளத்தைப் பற்றி மட்டும் கதைப்பார்கள். மதிலைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அந்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து நாடகக்காரர் வந்தார்கள். சனசமூக நிலைய முற்றத்தில் ஒரு மேசையும் கதிரையும் போட்டார்கள். அதுதான் சபைக் கந்தோர். வெள்ளத்தைப் பற்றி முறையிட வந்த ஒரு பெண்ணை, சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளராக நடித்த பொடியன் நாளைக்கு வா, நாளைக்கு வா என்று அலைக்கழித்தான். நாடகம் அப்படியே முடிந்துவிட்டது. பிறகு அவர்களை நடத்திய அக்கா சொன்னார்: இதையே திரும்ப நடிப்போம்; பிடிக்காத இடத்தில் யாரும் "நிப்பாட்டு" என்று கத்தலாம், வந்து தாங்களே நடிக்கலாம்.

முதலில் கத்தியது அம்மா. கூட்டங்களில் பின்னுக்கே இருக்கும் என் அம்மா! முறையிட்ட பெண்ணை விலக்கிவிட்டு, நேரே போய் மேசையின்மேல் ஏறி இருந்தார்.

"நாளைக்கு வாங்கோ, அம்மா," என்றான் பொடியன்.

"ஏன் தம்பி வீண் அலைச்சல்? விடியுமட்டும் இதிலேயே இருக்கிறன்."

பொடியன் உதவிக்கு அந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தான். பிரதம விருந்தினராக முன்வரிசையில் இருந்த மாமாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. ஒரு தவிசாளர் இப்படியா திணறுவது? "நிப்பாட்டு!" என்று எழும்பினார். பொடியனை அனுப்பிவிட்டுக் கதிரையில் அமர்ந்தார்.

அந்தக் கதிரை அவரை என்னவோ செய்துவிட்டது. நெஞ்சு நிமிர்ந்தது, குரல் தடித்தது.

"யோசிக்காதேங்கோ அம்மா," என்றார் சொந்த அக்காவைப் பார்த்து. "நாளைக்குக் காலமை வாய்க்கால் வெட்டுப்படும். மறிச்சு நிக்கிற மதில் ஆருடையது எண்டாலும் இடிபடும்!"

முற்றம் அதிரக் கைதட்டினார்கள். ஒன்பது வயதில் எனக்கு விளையாட்டின் விதி நன்றாக விளங்கியிருந்தது.

"நிப்பாட்டு!" என்று நானும் கத்தினேன். "மாமா, அது உங்கடை மதிலெல்லோ?"

கைதட்டல் அப்படியே நின்றது. மாமி தலையில் கைவைத்தார். மாமா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். இறங்கி வந்திருக்கலாம். கதிரையின் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சபைக்குச் சொந்தபந்தம் எண்டு ஒண்டுமில்லை. இடியுங்கோ!"

மறுநாள் காலை அயலவர்கள் அலவாங்குக் கம்பியோடு வந்து மாமா வீட்டுப் படலையைத் தட்டினார்கள். சாரத்தோடு ஓடிவந்த மாமா, "அது நாடகமடாப்பா!" என்றார்.

"தவிசாளர் ஐயாவின்ரை உத்தரவு," என்றார் முன்னால் நின்ற தையல்கடைக்காரர். முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஐயோ, இன்னும் பெயின்ற்கூட அடிக்கேல்லை!" என்று உள்ளேயிருந்து மாமி அலறினார்.

மாமா சாரத்தை மடித்துக் கட்டினார். பிறகு அலவாங்கை வாங்கி முதல் இடியைத் தானே இடித்தார்.

அன்று பின்னேரமே மழை கொட்டியது. உடைத்த இடத்தால் பாய்ந்த வெள்ளம், மாமாவின் வாழைக்குட்டிகள் இரண்டை இழுத்துக்கொண்டு போயிற்று. அவரோ குடையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். போவோர் வருவோரை மறித்து ஓட்டையைக் காட்டினார். மதில் போன கவலையில் மனிதருக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தேன். அதை அம்மாவிடம் சொல்லி ஏச்சும் வாங்கினேன்.

வளர்ந்தபின் ஒருநாள் சபைக் கூட்டம் பார்க்கப் போனேன். மாமா கடைசி வரிசையில் இருந்தார். கையைத் தூக்கினார், ஒருவரும் பார்க்கவில்லை. எழும்பி நின்று, "கௌரவ தவிசாளர் அவர்களே" என்று தொடங்கினார். அதற்குள் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். பக்கத்திலிருந்தவர் அவருக்கு ஒரு பிஸ்கட்டை நீட்டினார். மாமா வாங்கிக்கொண்டு இருந்துவிட்டார்.

அவர் சொல்லி ஊரில் நடந்த ஒரே வேலை அந்த ஓட்டைதான் என்பது ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்?