காலி அட்டை

மந்தைவெளியில் எங்கள் தெருவில் படித்த டாக்டர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஆனாலும் டாக்டரம்மா என்றால் அது என் அம்மாதான். அம்மா ஒரு நர்ஸ். வேலை முடிந்து வருவதற்குள் வாசலில் யாராவது இருமிக்கொண்டு நிற்பார்கள். டோக்கன் வேண்டாம், ஃபீஸ் வேண்டாம், கைராசி வேறு. எனக்குப் பெருமை தாங்காது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மீன் விற்ற அக்காவும் அப்படி வந்தவர்தான். நாளெல்லாம் ஈரத் தரையில் உட்கார்ந்து முட்டி பிடித்துக்கொண்டது. அம்மா வலி மாத்திரை ஓர் அட்டை கொடுத்து, "வலி வந்தா மட்டும் ஒண்ணு போடுக்கா" என்றாள். மறுவாரம் அக்கா சங்கரா மீனோடு வந்து, முட்டி சரியாகிவிட்டது என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அம்மாவும் அதை மறந்துவிட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் அக்கா முகமும் காலும் வீங்கி வந்து நின்றார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அம்மா கேட்டதும், சுருக்குப்பையிலிருந்து ஒரு காலி அட்டையை எடுத்துக் காட்டினார். அம்மா கொடுத்த அதே அட்டை. அதை நீட்டி நீட்டியே மெடிக்கலில் வாங்கியிருக்கிறார். அவர்களும் ஒன்றும் கேட்காமல் கொடுத்திருக்கிறார்கள்.

"வலி வந்தா மட்டும்னுதானேக்கா சொன்னேன்?" அம்மா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ சொன்னாப்லதாம்மா போட்டேன். தெனிக்கும் வந்துச்சு, நான் இன்னா பண்ணட்டும்?"

அன்றைக்கே அம்மா அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதன் பிறகு டயாலிசிஸுக்கு ஒவ்வொரு முறையும் அம்மாதான் கூடப் போனாள். எங்களோடு பீச்சுக்கு வருவதில்லை. புதுத் தோழி கிடைத்ததும் நம்மை மறந்துவிட்டாள் என்று எனக்கு எரிச்சல். வாசலுக்கு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினாள். தலைக்கனம் ஏறிவிட்டது என்று தெருவே பேசியது. எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட டோக்கன் வாங்கி டாக்டரிடம்தான் உட்கார வைத்தாள்.

ஒருநாள் நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அக்கா பாதியாக இளைத்திருந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார்: "இவங்கதான் எங்க டாக்டரம்மா. கூடப் பொறந்தவங்க மாரி பாத்துக்கிறாங்க."

நான் பெருமையோடு அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அம்மா கையை விடுவித்துக்கொண்டு வேகமாக வெளியே போய்விட்டாள். இத்தனை பேர் முன்னால் நல்ல பேர் வாங்கும்போது எதற்கு இப்படி ஓடுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.