தட்சிணாமூர்த்தியும் கால் மேல் கால்தான்!

1996, செப்டம்பர் 12, வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தரைக்கு சிறுவாணித் தண்ணீர் — நான்கு குடம். ஆறு மணிக்கு ஷேவிங். மாலை நான்கு மணிக்கு என் மகள் கவிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

பையன் கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். கவிதாவுக்குப் பிடித்துவிட்டது... முகத்திலேயே தெரிந்தது.

ஆனால் காபி வந்த இரண்டாவது நிமிடம், சோபாவில் இருந்த பையன் இடது காலைத் தூக்கி வலது தொடை மேல் போட்டார். கிளம்பும்வரை இறக்கவே இல்லை!

பெரியவர்கள் முன்னால் கால் மேல் காலா? அதுவும் பெண்ணின் தாய்மாமன் முன்னால்? சத்தியமங்கலத்திலிருந்து வந்திருந்த என் மனைவியின் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் தலையாட்டாமல் எங்கள் வீட்டில் கல்யாணம் நடக்காது.

"வேண்டாமுங் மாப்ள. பொண்ணு பாக்க வந்தானா, சலூனுக்கு வந்தானா?" என்றார் என்னிடம், அவர்கள் போனதும்.

ஆறு மணிக்கு அவரை எங்கள் தெரு சிவன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். கொண்டைக்கடலை மாலையோடு தட்சிணாமூர்த்தி.

"பாருங்க மச்சான். இடது கால், வலது தொடை மேல! எதுத்தாப்புல ஒக்காந்திருக்கறவீங்க எல்லாம் தாடி நரைச்ச முனிவருங்க. ஒருத்தராச்சும் கோவிச்சுக்கிட்டாங்களா?"

மைத்துனர் விடவில்லை.

"கீழ இருக்கற காலைப் பாருங். முயலகன் மேல வெச்சிருக்கறாரு. அறியாமைய மிதிச்சு அமுக்கறாரு. இவன் எதை அமுக்குனான்? நம்மூட்டு ஜமக்காளத்தையா?"

வீடு திரும்பி, "இந்த எடம் வேண்டாம் அம்மணி" என்றார் மைத்துனர் கவிதாவிடம்.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"மாமா... காபி குடுக்கறப்ப கை தவறி அவரு தொடைல ஊத்திப்போட்டனுங்க. சுடச்சுட! அவரு 'உஸ்'ஸுன்னு கூடச் சொல்லலீங்க. காலைத் தூக்கிப் போட்டு கறைய மறைச்சுட்டாருங்க."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"காபி குடுக்கக்கூடத் தெரியலைன்னு நீங்களே சொல்லுவீங்கன்னுதானுங்க."

நானும் மைத்துனரும் அந்த நேரம் ஜாதகக் கட்டத்துக்குள் தலையை விட்டிருந்தோம். தண்ணீர்க் குடத்தை எண்ணி எழுதுகிறவன் நான் — மூன்றடி தூரத்தில் கொட்டிய காபி தெரியவில்லை!

பையன் காலடியில் இருந்தது ஜமக்காளமா? இல்லை... இரண்டு பெரிய மனிதர்கள்.

மறுநாள் காலை ஆறு மணி. முதல் வேலையாக மைத்துனரே பையன் வீட்டுக்கு போன் போட்டார்.

"எங்களுக்குச் சம்மதமுங்க!"

சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு — இடது கால், வலது தொடை மேல்.