லொரெல் சித்தி தண்ணீர் குடிக்காத வருடங்கள்

லொரெல் சித்தி ஆஸ்திரேலியாவின் பில்பாரா வட்டாரத்தில் ஓர் இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறாள். சாலையில் போகிற லாரி இல்லை. ஏணி பிடித்து ஏற வேண்டிய லாரி. அதன் டயருக்குப் பக்கத்தில் நின்றால் சித்தி பாதி உயரம்கூட இருக்க மாட்டாள். இரண்டு வாரம் அங்கே வேலை, ஒரு வாரம் ஜெரால்ட்டனில் வீடு. பள்ளி முடித்ததிலிருந்து அந்த வீட்டின் பின்னறையில் நான் இருக்கிறேன். வேலையிலிருந்து வந்த முதல் நாள் சித்தி முழுக்கத் தூங்குவாள். இரண்டாம் நாள் பேசத் தொடங்குவாள். இதையெல்லாம் அப்படித்தான் கேட்டேன்.

லாரியில் ஓட்டுநர் மட்டும்தான். பன்னிரண்டு மணி நேரம், குழியிலிருந்து மேட்டுக்கு, மேட்டிலிருந்து குழிக்கு. துணை என்றால் வயர்லெஸ் ஒன்றே. குழியில் இருக்கிற எல்லாரும் ஒரே அலைவரிசையில் இருப்பார்கள். ஒருவர் பேசினால் அத்தனை பேருக்கும் கேட்கும். கிரிக்கெட், யார் வீட்டு நாய் குட்டி போட்டது, முகாமில் ஆட்டுக்கறி ஏன் செருப்பு மாதிரி இருக்கிறது என்று நாள் முழுக்க ஓடும். முகாமுக்குத் திரும்பினால் கட்டில் ஒன்று, ஏசி ஒன்று, கதவு ஒன்று. அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை, எல்லாருக்கும் களைப்பு. சித்தப்பா போன பிறகு சித்திக்கு மனிதக் குரல் என்றால் அந்த வயர்லெஸ்தான்.

அதில் ஒரு சங்கடம். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் லாரியை ஓரம் கட்ட வேண்டும். ஓரம் கட்டுவதற்கு முன் வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் சித்தி ஒரே நாளில் மூன்று தடவை கேட்டுவிட்டாள். பொக்லைன் ஓட்டுகிற கெல்வின் விட்டுவிடுவானா?

"என்ன லொரெல், குழாய் ஒழுகுதா? பிளம்பர அனுப்பட்டுமா?"

குழி முழுக்கச் சிரித்தது. சித்தியும் சிரித்தாள். ஆனால் மறுநாளிலிருந்து தண்ணீரைக் குறைத்தாள். விடியற்காலையில் ஒரு டம்ளர் காபி. லாரியில் ஏறிய பிறகு உதட்டை நனைப்பதோடு சரி. வெளியே கல்லும் மண்ணும் கொதிக்கிற வெயில், உள்ளே ஏசி காற்று. தாகம் தெரியாது என்றாள். கழிப்பறைச் சுவரில் சிறுநீரின் நிறங்களைப் போட்டு ஒரு படம் ஒட்டியிருக்கிறது. வெளிர் மஞ்சள் என்றால் நல்லது, தேநீர் நிறம் என்றால் ஆபத்து. சித்தி அதைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு எழுந்து வருவாளாம்.

சில மாதங்களில் பெயர் மாறியது. "நம்ம லொரெல் ஒட்டகம்டா, காலையில ஏறினா சாயங்காலந்தான் இறங்குவா" என்று கெல்வினே புது ஆட்களிடம் சொன்னான். அதைச் சொல்லும்போது இப்போதும் சித்தியின் முகம் மலரும். அந்தக் குரல்களுக்கு நடுவே அவளுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. அதை இழக்க அவளுக்கு மனமில்லை.

போன ஜனவரியில், சுமையோடு மேடேறும்போது வலி வந்தது. இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம். இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து வருகிற வலி என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாய்ந்து பார்த்தாள். எப்படி இருந்தாலும் ஒன்றுதான். யாரோ ஆப்பு ஒன்றை உள்ளே வைத்துத் திருகுவது போல வலி முன்பக்கமாக இறங்கித் தொடை இடுக்குக்கு வந்தது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அதில் வாந்தி எடுத்தாள்.

"பிரசவ வலின்னா நடுவுல கொஞ்சம் மூச்சு விட விடுமாம்" என்றாள் என்னிடம். "எனக்கென்ன தெரியும், நான் பெத்தவளா? இது விடவே இல்லடா."

அவசரம் என்று மூன்று முறை சொன்னால் போதும், குழியே நின்றுவிடும். சித்தி அதைச் சொல்லவில்லை. பொத்தானை அழுத்தி, வழக்கம்போல் லாரி எண்ணைச் சொல்லி, "நாப்பத்தாறு, ஒண்ணுக்குப் போகணும்" என்றாள்.

"அடேய், ஒட்டகம் ஒழுகுதுடா! தேதியக் குறிச்சு வை!" என்றான் கெல்வின்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். மேட்டில் சுமையைக் கொட்டிவிட்டு, லாரியை ஓரம் கட்டி, இறங்கி, தகரக் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டாள். சிவப்பாக இரண்டு சொட்டு வந்தது. அதற்கு மேல் நிற்க முடியவில்லை. தரையிலேயே சுருண்டுவிட்டாள்.

உள்ளே அடுப்பு மாதிரிச் சூடு. வெளியே லாரிகள் போகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு லாரியும் நாற்பத்தாறு நிற்பதைப் பார்த்துக்கொண்டே போயிருக்கும். யாரும் நிற்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. "பொம்பள உள்ள இருக்கா, நான் போய்க் கதவத் தட்டவா?" என்று ஓர் ஓட்டுநர் பிறகு கேட்டானாம். சித்தி கத்திப் பார்த்தாள். எஞ்சின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? வயர்லெஸ் லாரியில் இருந்தது.

தவழ்ந்து வெளியே வந்தாள். ஏணியில் ஒவ்வொரு படிக்கும் நின்று, நெற்றியைக் கம்பியில் முட்டுக்கொடுத்து ஏறினாள். கம்பி சுட்டது. மேலே போய் மைக்கைப் பிடித்து அந்த வார்த்தையை மூன்று முறை சொன்னாள்.

குழி நின்றது. அவசரம் என்றால் கட்டுப்பாட்டு அறையைத் தவிர வேறு யாரும் அலைவரிசையில் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். அந்த அறையில் இருந்த ஜனீன் இடத்தைக் கேட்டாள், ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்றாள், அதோடு முடிந்தது. இரைச்சல்கூட இல்லை.

"யாராவது ஏதாவது பேசுங்களேன்" என்றாள் சித்தி.

கொஞ்ச நேரம் கழித்துக் கெல்வின் குரல் வந்தது. "லொரெல்... நீயாம்மா?"

"கெல்வின், அலைவரிசையில பேசக் கூடாது" என்றாள் ஜனீன்.

அவன் பேசவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை யாருமே பேசவில்லை. அந்த நேரத்தில்தான் மிகவும் பயந்தேன் என்றாள் சித்தி. வலியைவிட அது பெரிதாக இருந்ததாம்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். சிறுநீரகத்திலிருந்து இறங்குகிற குழாயில் கல் சிக்கியிருந்தது. ஊசி போட்டார்கள், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, சிறுநீரில் கல் விழுந்தால் பிடிக்கத் தேநீர் வடிகட்டி மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். கல் விழாமல் லாரி ஓட்ட முடியாது. முகாமில் எல்லாரும் வேலைக்குப் போன பகல்களில் சித்தி மட்டும் அறையில் இருந்து, தண்ணீர் குடித்து, வடிகட்டியைப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு மத்தியானம் விழுந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, பழுப்பு நிறம், முள் முள்ளாக. காட்ட ஆளில்லாமல் எனக்குப் போன் செய்தாள். நான் எடுக்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது மறுபடி ஓட்டுகிறாள். பெரிய தண்ணீர்ப் புட்டி பக்கத்திலேயே இருக்கிறது. அடிக்கடி வயர்லெஸ்ஸில் கேட்கிறாள்.

"தாராளமா போய்ட்டு வாங்க, லொரெல். அவசரமே இல்ல" என்கிறான் கெல்வின். மற்றவர்கள் அவள் இறங்கி ஏறும்வரை பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

"நல்லவனுங்கதான். பயந்து போயிட்டானுங்க" என்றாள் சித்தி, போன வாரம் சமையலறையில் நின்றுகொண்டு. "ஆனா ஒட்டகம்னு கூப்பிட்டவன் பேரச் சொல்லிக் கூப்பிடறான். ஒரு கிண்டல் இல்ல. நான் பேசினா எல்லாரும் கவனமா கேக்கறானுங்க, டாக்டர் பேசற மாதிரி."

"நீங்களே ஏதாவது ஜோக் அடிக்க வேண்டியதுதானே, சித்தி?"

"அடிச்சேன். யாரும் சிரிக்கல. 'உடம்பு பரவாயில்லயா'ன்னு கேட்டானுங்க."

அடுக்கிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள்.

"அதுக்கு அந்தக் கல்லே உள்ள இருந்திருக்கலாம்னு ஒரு நிமிஷம் தோணுதுடா" என்றாள். பிறகு குழாயைத் திறந்து, டம்ளரை நிரப்பி, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, பையை எடுத்து வைக்கப் போனாள். மறுநாள் அவளுக்கு விமானம்.